பேஸ்மென்ற் உடன்படிக்கை

2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, பனி இன்னும் உருகாத மில்லிக்கனில் தங்கத்துரை வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ற்றுக்குள் வளைகுடாக் கடல் வந்தது. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னாலுள்ள வடிகாலால் ஏறி, படியின் மூன்றாவது தட்டோடு மரியாதையாக நின்றுகொண்டது. பிளம்பர் விரலை நனைத்து நக்கிப் பார்த்து, இது நகரசபைத் தண்ணீர் இல்லை, தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்று கையை விரித்துவிட்டுப் போனான். மத்தியானம் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கமாக இருநூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் கம்பனியின் பீரங்கிக் கப்பல் ஒன்றும், பழைய ஃபிரிட்ஜ் பக்கமாக அரபுக் கரையை ஆண்ட ஷேக் ஒருவரின் பாய்க்கப்பலும் வந்து நங்கூரம் போட்டன. எப்படி அடங்கின என்று கேட்பவர்கள், மகள் யதுஷாவின் பிறந்தநாளுக்கு அதே பேஸ்மென்ற்றில் நூற்றிருபது பேர் அடங்கியதை மறந்துபோனவர்கள்.

கம்பனிக் கப்பலின் கப்டன் வந்த காரியம் இதுதான்: கடலில் கப்பல்களைக் கொள்ளையடிப்பதில்லை, ஆட்களைப் பிடித்து விற்பதில்லை என்று ஷேக்கிடம் கையெழுத்து வாங்கவேண்டும். கம்பனியின் மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அரபும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பெண் இந்த விலாசத்தில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தங்கத்துரையின் மனைவி கோணேஸ்வரி. திருகோணமலையிலிருந்து பத்தொன்பது வயதில் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போய், ஒன்பது வருடம் ஒரே வீட்டில் கிடந்து பழகிய அரபு அவளுடையது. குசினி அரபு. "காலைத் தூக்குங்கோ, தண்ணியைக் கூட்டித் தள்ளவேணும்" என்பதுதான் ஷேக்கிடம் அவள் பேசிய முதல் வசனம். இருபது கப்பல்களுக்கு அதிபதியான அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் தூக்கினார்.

பேச்சுவார்த்தை மூன்று சனிக்கிழமைகள் நடந்தது. மற்ற நாட்களில் கோணேஸ்வரிக்கு முதியோர் இல்லத்தில் வேலை; இரண்டு வல்லரசுகளும் காத்துக்கிடந்தன. தங்கத்துரைக்கோ கொண்டாட்டம். ஊர் ஒன்றியத்துக்குப் பதினாறு வருடமாகச் செயலாளராக இருப்பவர் அல்லவா? "அஜெண்டா இல்லாமல் என்னெண்டு கூட்டம் நடத்துறது?" என்று கப்டனையே அதட்டிவிட்டு, கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். கொடி நாட்ட இடமில்லாததால், வீட்டைத் தாங்குகிற நடு இரும்புத் தூணில் கப்டன் தன் கொடியைக் கட்டினார். ஷேக் அதே தூணைத் தன் கூடாரத்தின் நடுக்கம்பாகப் பாவித்து முதுகைச் சாய்த்துக்கொண்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகு, கொள்ளைக்காரன் யார் என்பதில் ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று. கம்பனிக் கப்பலைத் தொட்டவன் கொள்ளைக்காரன் என்றார் கப்டன். அடுத்தவன் கடலுக்குள் பீரங்கியோடு வந்தவனுக்கு என்ன பெயர் என்று கேட்டார் ஷேக். கப்பல்களைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினார்கள். ஆட்களைப் பற்றி அரை வரி.

அந்த அரை வரி, கோப்பிக் கெண்டியோடு ஷேக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. பெயர் மப்ரூக். நாற்பது வயதிருக்கும். ஆபிரிக்கக் கரையிலிருந்து சிறுபிள்ளையாகப் பிடித்துவரப்பட்டு, முத்துக் குளித்துக் குளித்து ஒரு காது செவிடானவன். கோணேஸ்வரி கதிரை போட்டால் இருக்கமாட்டான்; தேத்தண்ணி கொடுத்தால் ஷேக்கின் முகத்தைப் பார்ப்பான். மூன்றாவது சனிக்கிழமை, இவன் விஷயம் என்ன என்று அவளே கப்டனைக் கிளப்பிக் கேட்கவைத்தாள். ஷேக் சிரித்தார். இவன் அடிமையா? எங்களோடு தின்று எங்களோடு வளர்ந்தவன், என் பிள்ளை மாதிரி என்றார். கப்டனுக்கு அப்பாடா என்றிருந்தது. அவருக்கு வேண்டியது இந்தியாவுக்குப் போகிற வழி, மனிதர்கள் அல்ல. அப்படியானால் வீட்டில் இருப்பவர்கள் இந்த உடன்படிக்கைக்குள் அடங்கமாட்டார்கள் என்று எழுதிவிடலாமே என்றார்.

கோணேஸ்வரி வேலைசெய்த வளைகுடா வீட்டு மேடமும் வருகிறவர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொன்னாள், எங்கள் மகள் மாதிரி என்று. அந்த ‘மகளின்’ பாஸ்போட் மேடத்தின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. அம்மா செத்த செய்தி வந்தபோதும் அந்த அலுமாரி திறக்கவில்லை. இப்போது இந்த வசனத்தை அரபுக்கு மாற்றினால் இந்த மனிதனின் கதை அவள் வாயாலேயே முடிந்துவிடும். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் ஒன்பது வருடம் ஒரு அரபு வீட்டின் வழக்கங்களையும், மூன்று சனிக்கிழமைகள் ஒரு வெள்ளைக்காரனின் வீண்பெருமையையும் கேட்டவள் அவள். கப்டனின் வசனத்தை அரபில் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்து, அதே குரலில், மூச்சு விடாமல் சேர்த்தாள்: "மப்ரூக், உந்தக் கெண்டியை வைச்சிட்டு ஓடிவந்து தூணைப் பிடி. அடைக்கலம் எண்டு கத்து."

மப்ரூக் முதல்முறையாக ஷேக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. கெண்டி தண்ணீரில் விழுந்தது. இரண்டு கையாலும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வீடு அதிரக் கத்தினான்.

கூடாரக் கம்பைப் பிடித்து அடைக்கலம் கேட்டவனை விட்டுக்கொடுத்தால் ஷேக்கின் பரம்பரைக்கே தலைகுனிவு. கொடிமரத்தைத் தொட்ட அடிமை அந்தக் கணமே சுதந்திரன் என்பது கொடியைக் கட்டியபோது கப்டன் தானாகவே பீற்றிக்கொண்ட சட்டம். இது தன் கூடாரமே இல்லை என்று ஷேக் தொடங்கினார். "அப்ப மூண்டு கிழமையா எதில சாய்ஞ்சுகொண்டு இருந்தனீங்கள்?" என்றாள் கோணேஸ்வரி. இது கொடிமரமில்லை, வெறும் இரும்பு என்றார் கப்டன். "பிறகேன் கொடியைக் கட்டினனீங்கள்? அவிட்டுக்கொண்டு போங்கோவன்!" மற்றவர் முதலில் மறுக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மற்றவருக்கு முன்னால் மானம் போகிற வேலையை இரண்டு பேருமே செய்யவில்லை. தங்கத்துரை குறிப்புப் புத்தகத்தில், "மப்ரூக் அவர்கள் தூணைப் பிடித்தார், சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது" என்று எழுதி அடிக்கோடிட்டார். அன்று பின்னேரமே கையெழுத்தாயிற்று. கப்பல்களும் கடலும் வந்த வழியே போயின.

மப்ரூக் நாலு நாட்கள் தூணை விடவில்லை. கோணேஸ்வரி இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் வைத்தாள். ஒரு கையால் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் காலை அவள் மேலே கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது, படியேறி வந்து, தங்கத்துரையின் விண்டர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து போய்விட்டார். தங்கத்துரை செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார். "இஞ்சேரும்! மனிசன் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுட்டுது!"

"ஓம்," என்றாள் கோணேஸ்வரி. "ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை." குப்பை வாளியை வெளியே வைப்பதற்குக்கூட ஒன்பது வருடம் அனுமதி கேட்டவள், கழுவிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோசத்தில் விம்மி விம்மி அழுதாள்.

மப்ரூக் இப்போது மிசிசாகாவில் இருக்கிறார், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிக்கனுக்குச் சாப்பிட வருவார், சிலவேளை வராமலும் விடுவார். ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.