நாற்பத்திரண்டு அங்குல நூல்

பன்றியின் தோள்கறியைக் கயிற்றால் இறுகக் கட்டி வேகவைக்க வேண்டும் என்றுதான் சமையற்குறிப்பில் இருந்தது. தையற்காரருக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே வைத்த பூண்டும் ஆரஞ்சுத் தோலும் பிதுங்காமலிருக்க மூட்டை கட்டுவதுபோலக் கட்டுவதாவது! கடையிலிருந்து புது ஊசி ஒன்றைக் கொண்டுவந்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, கறியைத் தைத்தே விட்டார். துணிக்கேற்ற நூல் தேடிய முப்பதாண்டுப் பழக்கம் கையைச் சும்மா விடுமா? வெந்தபின் கறி என்ன நிறத்திற்கு வரும் என்று யோசித்து, அதே பழுப்பில் பருத்தி நூலைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

எல்லாம் மனைவியின் மகளுக்காக. அன்று அவளுக்குப் பதினைந்து நிறைந்தது. திருமணமாகி அவர் இந்த வீட்டிற்கு வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் சோறு பரிமாறியதும் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். போகப் போகச் சரியாகும் என்று நர்ஸான மனைவி தேற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று மாலைவரை டியூட்டி.

தோழி வீட்டில் தின்ற டாக்கோவைப் பற்றி அந்தப் பெண் தாயிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. சோள ரொட்டியைச் சுடச்சுட எடுத்து, கறியை வைத்து, வெங்காயம் தூவி, மடித்து உடனே தின்ன வேண்டுமாம். அப்படியானால் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாதல்லவா? அவர் மனக்கணக்கு அதுதான்.

நான்கு மணி நேரம் சிறுதீயில் வெந்த வாசனை அவளை அறையிலிருந்து இழுத்து வந்தது. அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்க, கேட்காமலே இரண்டு முள்கரண்டிகளால் கறியை நார்நாராகப் பிய்த்துப் போட்டாள். அவர் பூரித்துப்போய்த் திரும்பினார். மறுகணம் முகம் வெளுத்தது.

"நூலை உருவிட்டியாம்மா?"

"எந்த நூலை?"

விவரம் கேட்டதும் அவள் கறியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பச்சை, நீலம்னு ஒரு நூலும் கிடைக்கலையா உங்களுக்கு?"

"மேட்ச் ஆகாதேம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நூலை அளக்காமல் ஊசியில் கோப்பது அவர் வழக்கமன்று. நாற்பத்திரண்டு அங்குலம். கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை மேசைமேல் விரித்தார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து, கறியைக் கிளறி, அறுந்து கிடந்த நூல் துண்டுகளையெல்லாம் டேப்பின் ஓரமாக வரிசையாக ஒட்டவைத்தார்கள். ரொட்டி ஆறிற்று. நாற்பத்தொன்றில் வரிசை நின்றுவிட்டது. மறுபடியும் கிளறினார்கள், இல்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றார் அவர். தொண்டையில் சிக்கினால் என்னாவது? பிறந்தநாளும் அதுவுமாக முட்டை பொரித்துத்தான் தர வேண்டியிருக்கிறதே என்று முட்டையை எடுக்க எழுந்தார்.

அவள் அசையவில்லை. "தைச்சு முடிச்சதும் நூலை எப்படி அறுத்தீங்க?"

அவர் பழக்கப்படி பல்லால் கடித்துக் காட்டினார். அவள் மேசையைச் சுற்றி வந்து, அவர் நரைத்த தாடியிலிருந்து எதையோ பதமாகப் பிடுங்கி டேப்பின் முனையில் வைத்தாள். ஓர் அங்குலம், பிசகில்லை.

"காலையிலேருந்து ஏதோ ஒட்டியிருக்கேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

அவர் ரொட்டிகளைத் திரும்பவும் சூடாக்கினார். அவள் தனக்கு ஒன்று மடித்துத் தட்டில் வைத்தாள். பிறகு எழுந்து அறைப்பக்கம் நடந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தேவையே இல்லாமல் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

உள்ளே சுவிட்சு சொடுக்கும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். தட்டு மேசையிலேயே இருந்தது.

"ஃபேன் சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றவாறு திரும்பி வந்தவள், நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த வெங்காயத்தை இப்படித் தள்ளுங்க."