அடக்கி வைத்தவர்

பஸ் ஓட்டியே தலை நரைத்தவர் அந்த டிரைவர். சீட்டை விட்டு இறங்காமல் சிறுநீரை அடக்குவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்தச் சிறுநீர்ப்பையில்தான் புற்றுநோய் வந்து உட்கார்ந்தது.

கட்டியைச் சுரண்டி எடுத்தபின், வாரம் ஒருமுறை குழாய் வழியே பைக்குள் மருந்து விட்டார்கள். மருந்தென்றால் கிருமிதான், காசநோய் வராமலிருக்கக் குழந்தைகளுக்குப் போடுகிறார்களே, அதே ஊசிக் கிருமி. அதைக் கண்டு உடம்பு கொதித்தெழுந்து புற்றையும் சேர்த்துத் துரத்துமாம். துரத்தாவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் பை.

"ரெண்டு மணி நேரம் அடக்குங்க. அப்புறம் உட்கார்ந்து போங்க. வெளிய வர்ற கிருமி சாக பிளீச்சிங் ஊத்தி, கால் மணி நேரம் கழிச்சுத் தண்ணி விடுங்க," என்றாள் நர்ஸ்.

"ரெண்டு மணி நேரமா? எனக்கு அது ஒரு டிரிப்புக்கே காணாதும்மா."

வீட்டில் மனைவி கடிகாரத்தைப் பார்த்து, "போதும், எழுந்திரிங்க," என்பாள்.

"சும்மா இரு. கூட நேரம் உள்ள இருந்தா கூட வேலை செய்யும்."

ஒவ்வொரு வாரமும் காலையில் விட்ட மருந்தைப் பொழுது சாயும்வரை அடக்கினார். மிளகாயாய் எரிந்தது. எரிந்தால் மருந்து பிடிக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மனிதருக்குப் பையைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

டிரைவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவ்வளவு நேரம் வச்சா பலன் அதிகமாகாதுங்க, புண்ணுதான் ஆகும். கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. இனி இந்த மருந்து உங்களுக்கு வேண்டாம். பையை எடுத்துடலாம்."

"சரிங்க."

கோபம் வரவில்லை. அழுதால் தேவலை என்று தோன்றியது, அதுவும் வரவில்லை. மனைவி கையைப் பிடித்தாள். யாருடைய கையையோ பிடித்த மாதிரி இருந்தது.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்ததும் நேரே கழிவறைக்குப் போனார். உட்கார்ந்து போனார். பிளீச்சிங் ஊற்றினார். மூடியை மூடிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

"இன்னிக்குத்தான் மருந்தே இல்லையேங்க," என்றாள் மனைவி.

"தெரியும்."

கால் மணி நேரம் ஆனதும் தண்ணீரை விட்டார். ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக வைக்கவில்லை.