போர்டு வரைக்கும்

என் வீட்டுக்காரருக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தபோது எனக்கு முதலில் தோன்றியது எங்கள் மகன் முகுந்தனின் வேலைதான். நல்ல பெண்டாட்டிக்கு அப்படித் தோன்றாது. எனக்குத் தோன்றியது. பொன்மலைக் குவார்ட்டர்ஸில் என்னைப் பற்றி இன்று யார் யாரோ பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

அவர் பெயர் தாயுமானவன். ரயில் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷமாக இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் பிடித்தவர். கையில் எடுத்தால் தோள் வரைக்கும் அதிருகிற மெஷின். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எரிகின்றன, எறும்பு ஊறுகிறது என்பார். சாப்பிடும்போது விரலில் சோறு இருக்கிறதா என்றே தெரியவில்லை என்பார். சுண்டுவிரல் மட்டும் நோகாமல் கொள்ளாமல் சொகுசாக இருந்தது.

தில்லைநகரில் ஒரு கை டாக்டரிடம் போனோம். அவர் கையில் கரண்ட் வைத்து நரம்பைச் சோதித்தார். மணிக்கட்டுக்குள் நரம்பு போகிற வழி இறுகிப்போய் அதை நசுக்குகிறது, சின்ன ஆபரேஷன், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். கேள்வியெல்லாம் நான் கேட்டதால் என்னைப் பார்த்தே சொன்னார்.

"இப்பவே பண்ணிட்டா சரியாயிடும்மா. தள்ளிப் போடப் போட நரம்பு செத்துக்கிட்டே வரும். பெருவிரல் அடியில இருக்கிற சதை வத்திப்போச்சுன்னா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். காது எனக்குக் கூர்மை.

முகுந்தனுக்கு இருபத்தொன்பது வயது. இன்ஜினியரிங் முடித்து ஏழு வருஷமாகக் கட்டிலும் போனுமாகக் கிடந்தான். பக்கத்து லைன் வெள்ளையம்மாளின் புருஷனுக்குப் பக்கவாதம் வந்தது. மெடிக்கல் போர்டு அவரை எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று எழுதியது. வாரிசு வேலை அவள் மகனுக்கு வந்தது. தினம் காலையில் பட்டறைச் சங்கு ஊதும்போது அவன் கழுத்தில் அடையாள அட்டையோடு என் வாசலைத் தாண்டிப் போவான். எனக்கு வயிறு எரியும். இவருக்குக் கை வராமல் போனதும், சரி, நமக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன். கையைச் சரி பண்ணிக்கொண்டு போர்டு முன்னால் நின்றால் எவன் முகுந்தனுக்கு வேலை கொடுப்பான்?

யூனியனில் இருக்கும் அன்வர் இவரோடு ஒன்றாக வேலையில் சேர்ந்தவர். வீட்டுக்கே வந்து சொன்னார். கை போனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பார்களே தவிர வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள் அண்ணி என்றார். நான் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் அந்த மனுஷன் கெஞ்சினார். நம் பிள்ளை உள்ளே வருவது அன்வருக்குப் பொறுக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமலிருக்க டாக்டர் ஒரு பட்டை கொடுத்திருந்தார். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மணிக்கட்டில் ஒரு ஊசியும் போட்டிருந்தார். அதில் ஒரு மாதம் எரிச்சல் அடங்கியது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து, கை லேசாக இருக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியில் யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள் என்று அதட்டினேன். அடுத்த ஊசிக்கு நான் கூட்டிப் போகவில்லை.

அவராகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு முறை கிளம்பினார். நான் முகுந்தனைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அதன் பிறகு பதினோரு மாதம் அதே கையோடு கிரைண்டர் பிடித்தார்.

ஒருவழியாக மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மூன்று டாக்டர்கள். ஊசியால் குத்திப் பார்த்தார்களாம், பஞ்சால் தடவிப் பார்த்தார்களாம், சட்டைப் பித்தானைப் போடச் சொன்னார்களாம். அவரால் ஒரு பித்தான்கூடப் போட முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏன் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளவில்லை என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, பயமாக இருந்தது என்றாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இது ஆபரேஷனில் சரியாகிற நோய், வேலையை விட்டு அனுப்பத் தேவையில்லை, சிகிச்சை எடுத்துக்கொள்ளட்டும், அதுவரை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தோடு அவரையும் கூட்டிக்கொண்டு தில்லைநகருக்கு ஓடினேன். டாக்டர் அவர் பெருவிரலின் அடியை அழுத்திப் பார்த்தார். சதை இருந்த இடம் குழிந்து கிடந்தது. ஆபரேஷன் செய்தார். எரிச்சல் போய்விட்டது. பெருவிரலுக்குப் பலம் திரும்பவில்லை.

முகுந்தனிடம் அழுதேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் உன்கிட்ட வேலை கேட்டனாம்மா?" என்றான்.

அவரோ ஒரு வார்த்தை திட்டவில்லை. தினம் காலையில் நான் பித்தான் போட்டுவிடும்போது மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போனோம். காவிரியில் தண்ணீர் நிறைய வந்திருந்தது. அவர் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். ஐயர் எள்ளைக் கையில் வைத்து, பெருவிரலைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பிடிக்க முடியவில்லை. எள் சிந்தியது. மறுபடி வைத்தார், மறுபடி சிந்தியது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் குனிந்து அவர் பெருவிரலை என் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் தொடக் கூடாது என்று ஐயர் சொன்னார். பிறகு இவர் கையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, விடுங்கோ என்று மந்திரத்தை முடித்துவிட்டார்.

படியில் உட்கார்ந்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நான் ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கு சித்ரா. அதுக்குள்ள நான் செத்துட்டா முகுந்தனுக்கு வேலை உண்டுல்ல?"

நான் அவர் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். அப்புறம் பொத்தினேன், அழுதேன், சத்தியம் வாங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிஷம், ஆமாம், உண்டு என்று எனக்குள் தோன்றியது. அப்போது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.