வெள்ளை கீழே, கத்தரிப்பூ மேலே

என் உம்மாவிடம் காலையில் ஒரு செய்தியைச் சொன்னால் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் கிண்ணியா முழுக்கத் தெரிந்துவிடும். பின்னேர அஸருக்குள் அது பாலம் கடந்து டவுனுக்கும் போய்விடும். கெட்ட மனம் கிடையாது. சந்தோஷம் வந்தால் வாய்க்குள் நிற்காது, அவ்வளவுதான். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை, எட்டு வாரக் கர்ப்பிணியான நான், அறைக்குள் உட்கார்ந்து நகங்களுக்கு இரண்டு நிறம் பூசிக்கொண்டிருந்தேன்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கியூடெக்ஸ் பூசிய நகத்தில் தண்ணீர் படாது, தொழ முன் கை கால் முகம் கழுவுகிற வுளு சேராது, வுளு இல்லாமல் தொழுகை இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒருத்தி கியூடெக்ஸ் பூசினால், மாதத்தில் தொழாத அந்த நாட்கள் அவளுக்கு வந்துவிட்டன என்று பார்க்கிற பெண்களுக்கெல்லாம் விளங்கிவிடும். அது வந்துவிட்டதென்றால் வயிற்றில் ஒன்றுமில்லை. வாயைத் திறக்காமலே ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம்.

போன வருடம் ஆறாவது வாரத்திலேயே உம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் கடைக்குப் போனால் தக்காளி நிறுப்பவர்கூட உடம்பைக் கவனிக்கச் சொன்னார். ஒன்பதாவது வாரத்தில் எல்லாம் கலைந்துபோனது. பிறகு ஒரு மாதம் முழுக்க ஆட்கள் பிஸ்கட் பெட்டியோடு வந்தார்கள். "அல்லாஹ் வேற தருவான் மகள்" என்று அவர்கள் அழ, நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். எனக்கென்று அழ எனக்கு நேரமே கிடைக்கவில்லை. இன்னொரு தரம் அதை என்னால் தாங்க ஏலாது. பன்னிரண்டாவது வாரம் ஸ்கேன் எடுக்கும்வரை என் கணவர் அர்ஷாக்கையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்திருந்தோம்.

ஆனால் அர்ஷாக் மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்தவர். உம்மாவும் நாங்களும் ஒரே கூரையின் கீழ்தான். போன மாதம் நான் மாமி வீட்டில் நின்றதால் தப்பினேன். இந்த மாதம் உம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். போதாததற்கு அன்று பின்னேரம் மூதூரிலிருந்து நபீஸா சாச்சி வருவதாக இருந்தது. உம்மாவின் தங்கை. செருப்பைக் கழற்ற முன்பே விசேஷம் கேட்கிற ஆள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அர்ஷாக்கிடம், முதல் நாள் வேலை விட்டு வரும்போது ஒரு குப்பி கியூடெக்ஸ் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். மனுசன் இரண்டு வாங்கி வந்தார், வெள்ளை ஒன்று, கத்தரிப்பூ நிறம் ஒன்று. எது பிடிக்கும் என்று தெரியவில்லையாம். சரி, ஒற்றை நிறத்தை உம்மா கவனிக்காமலும் விட்டுவிடலாம், இரண்டு நிறம் என்றால் குருடிக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் மூன்று நிமிடத்தில் முடித்தாள். எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. நகம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம் பூசி, காயவிட்டு, கீழ்ப்பாதியைச் செலோடேப்பால் சாய்வாக மூடி, மேல்பாதிக்கு வெள்ளை. வெள்ளை காயும் முன் டேப்பைப் பட்டென்று இழுக்க வேண்டும். இடது கை நகங்கள் அழகாக வந்தன. வலது கை நகங்களில் கோடு, சின்னப்பிள்ளை அடைத்த வேலி மாதிரிக் கோணிக்கொண்டு போனது.

குசினிக்குப் போய் வேண்டுமென்றே பத்து விரலையும் விரித்துத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். உம்மா பார்த்தார். "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டத் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அறைக்கு ஓடிவிட்டேன்.

பொய் சொல்லலாம், தொழுகையை விட ஏலாதே! லுஹருக்குக் கதவைப் பூட்டி, ரிமூவரால் எல்லாவற்றையும் அழித்து, வுளு எடுத்துத் தொழுதேன். முன்பென்றால் பூச முதல் எடுத்த வுளுவை வைத்துச் சமாளித்திருப்பேன். மணிக்கு இரண்டு தரம் பாத்ரூமுக்கு ஓடுகிறவளுக்கு எந்த வுளு நிற்கும்? தொழுது முடித்து மறுபடியும் பூச்சு, மறுபடியும் டேப். கடைசி நகத்தில் இருக்கும்போதே வாசலில் சாச்சியின் சத்தம் கேட்டது.

சாச்சி கதிரையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "என்ன ஸல்ஹா, விசேஷம் ஏதும் இரிக்கா?"

பதிலுக்கு நான் தேத்தண்ணிக் கோப்பையை நகங்கள் தெரிய நீட்டினேன். சாச்சி பார்த்தார். பக்கத்தில் நின்ற உம்மாவும் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன இவ்வளவு நேரம் என்று நானும் குனிந்து பார்த்தேன். வெள்ளை கீழே, கத்தரிப்பூ மேலே. காலையில் கத்தரிப்பூதான் கீழே இருந்தது! அவசரத்தில் எந்தக் குப்பியை முதலில் திறந்தேனோ தெரியவில்லை.

இடையில் அழித்துப் பூசியிருக்கிறேன், அழித்தது தொழத்தான் என்று உம்மாவுக்கு விளங்காமல் இருக்குமா? முடிந்தது கதை, இரவுக்குள் மூதூரும் கிண்ணியாவும் ஒன்றாக எனக்காகத் துஆ கேட்கப் போகின்றன என்று நினைத்தேன்.

"என்ன விசேஷம்? அவட நகத்தப் பாரு நபீஸா" என்றார் உம்மா. "விடிஞ்சதிலிருந்து இதுதான் வேல. தொழுகையும் இல்ல, ஒண்டுமில்ல."

"நான் கண்டனான் ராத்தா" என்று சாச்சி பெருமூச்சு விட்டார். உம்மாவா இப்படிச் சொல்கிறார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அஸர் பாங்கு சொன்னதும் உம்மா சாச்சிக்கு ஹாலில் தொழுகைப் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். மேசையில் இருந்த பஞ்சையும் ரிமூவரையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"எத்தின கிழம?"

"எட்டு" என்றேன். அழுகை வந்துவிட்டது. "கோவமா உம்மா? உங்களுக்கிட்ட மறைக்கணும் எண்டு இல்ல. போன முற வந்த ஆக்கள் எல்லாரும்..."

"அவங்களா வரல்ல மகள். நான்தான் ஊரெல்லாம் சொல்லி அவங்களக் கூட்டி வந்தனான்." உம்மாவின் கண்ணும் நிறைந்திருந்தது. "நீ குசினிக்குள்ள தனிய நிண்டு தேத்தண்ணி ஊத்தினதயும் கண்டனான். அதுக்குப் பொறகும் என்ட வாய் நிக்கல்ல. கையக் கொண்டா, அஸருக்கு நேரமாகுது."

ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகக்கண்ணில் ஒரு பொட்டு மிஞ்சாமல் துடைத்தார். எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான். அது எங்கே போனதென்று தெரியவில்லை. உம்மாவின் தோளில் சாய்ந்துகொள்ளலாம் போல இருந்தது, சாய்ந்துகொண்டேன்.

"தொழுதிட்டுக் கூப்பிடு, நான் பூசி விடுறன். உன்ட வலது கையப் பாக்கச் சகிக்கல்ல" என்று எழுந்தவர் கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினார். "நபீஸா கண்டது வெள்ள கீழ. மறந்திராத."

நான் வுளு எடுத்துத் தொழுகைக்கு நின்றேன். கதவுக்கு வெளியே உம்மா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவது கேட்டது. தொழுது முடித்த சாச்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீன் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், பஸ் பிந்தி வந்தது என்று கதைத்துக்கொண்டே இருந்தார். நான் ஸலாம் கொடுத்து முடித்த பிறகும் பாயிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ள எல்லோருடைய பெயரும் வந்தது, என் பெயர் மட்டும் வரவில்லை.