மாவட்டத்துக்கு ஒரு போர்

மாவட்டத்துக்கு நூறு வயசு ஆகப்போகிறது என்றதும் விழாக் கமிட்டித் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் போன வருஷமே வாளோடு ஒரு வீரனைக் குதிரைமேல் ஏற்றி, பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார்கள். இவர்களிடமும் பஸ் ஸ்டாண்டு இருந்தது, வீரன்தான் இல்லை.

தலைவர் மாவு மில் நடத்துபவர். சரித்திரத்துக்காக அவர் வெகுதூரம் அலையவில்லை. கூடப் பிறந்த தங்கையே ஹைஸ்கூலில் சரித்திர டீச்சர்.

டீச்சரும் லீவு முழுக்கப் பழைய புத்தகங்களோடு மல்லுக்கட்டினாள். அந்தக் காலத்தில் இரண்டு படைகள் இந்த வழியாகப் போயிருந்தன. இரண்டுமே நிற்கவில்லை.

"ஏன் நிக்கல?" என்றார் அண்ணன்.

"எடுத்துட்டுப் போக இங்க ஒண்ணும் இல்லையாம்ணே."

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "கொள்ளையடிக்க வந்தவன்கூட நம்மள மதிக்கலையா?"

மறுவாரமே கமிட்டி கூடி, ஒருமனதாக ஒரு போரை நடத்தி முடித்தது. ஆற்றங்கரையில் நம்மவர்கள் அடித்த அடியில் பக்கத்து மாவட்டத்துப் படை செருப்பை விட்டுவிட்டு ஓடியது. செருப்பு, கமிட்டியில் இருந்த மருந்துக் கடைக்காரரின் யோசனை. அத்தனையையும் கல்லில் வெட்டி ஆற்றங்கரையில் நடுவதென்று முடிவாயிற்று.

"வேண்டாம்ணே. அண்ணி அந்த மாவட்டத்துப் பொண்ணு" என்றாள் டீச்சர்.

"அவ எங்க கல்வெட்டெல்லாம் படிக்கப் போறா?"

அண்ணி படித்தாள். திறப்பு விழாவில் திரை விலகியதும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக் முன்னால் நின்று, செருப்புவரை உரக்கப் படித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஓடினது எங்க பாட்டன்தானே? நான் நடந்தே போறேன்."

விறுவிறுவென்று இறங்கிப் போனாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து ஜனங்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

வீட்டில் அடுப்பு அணைந்தது. தலைவர் ஹோட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனார். வாசலிலேயே மச்சான் நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள. செருப்பை இங்கயே விடுங்க, பத்திரமா இருக்கும்."

பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. கல்லை எடுக்க இவருக்கு மனசில்லை; அதைப் பொறுத்துக்கொள்ள அவர்களுக்கு மனசில்லை. பொறுக்கமாட்டாமல் டீச்சர் வாயைத் திறந்தாள்.

"சண்டையே நடக்கலன்னு உள்ளதைப் போட்டுட்டா என்ன?"

இரண்டு தரப்பும் அவளை முறைத்தன. அன்று இரு மாவட்டங்களும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"என்ன டீச்சர், நாங்க கோழைங்களா?" என்றார் மச்சான்.

"விவரம் பத்தாது அவளுக்கு" என்றார் அண்ணன்.

அதன்பிறகு எல்லாம் சுமுகமாக முடிந்தது. இரு தரப்பும் வென்றதாகக் கல்லைத் திருத்துவதென்று முடிவாகி, அண்ணி காரின் முன் ஸீட்டில் ராணிபோல ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் வெளியூரிலிருந்து சில ஆசிரியர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். டீச்சர்தான் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். போர் எந்த இடத்தில் நடந்தது என்று ஒருத்தி கேட்டாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாள், "எங்க பக்கம் இந்த மாதிரி ஒண்ணுமே கிடையாதுங்க" என்று பெருமூச்சு விட்டாள்.

டீச்சரின் கை தானாக நீண்டது. "அதோ, அந்தத் திருப்பத்துலதான். பயங்கரமான சண்டை."