வாக்களிக்கவில்லை

காலை ஏழு இருபதுக்கு வெர்னாவின் கல்யாண மோதிரத்தைக் கழற்ற நர்ஸ் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாற்பத்தோரு வருடமாக விரலை விட்டு நகராத மோதிரம். மூன்றாவது இழுப்பில் வந்தது. நர்ஸ் அதைத் துடைத்து ஆர்லோ பிரெக்கியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நேத்தே நீ ஃப்ளைட் ஏறியிருக்கணும்," என்றாள் வெர்னா.

"உன்னை விட்டுட்டா?"

"என் நெஞ்சைப் பொளக்கப்போறது டாக்டர். நீ வெளிய உக்காந்து காப்பி குடிக்கப்போற. அதை வாஷிங்டன்லயும் குடிக்கலாம்."

"கிளீட் வார்த்தை குடுத்திருக்கான்."

"எனக்கும்தான் குடுத்தான். வாரம் ஒரு தடவை அந்த அடுப்பைத் தொடைக்கறேன்னு. பதினோரு வருஷமாச்சு."

நர்ஸ் சிரித்தாள். ஆர்லோவும் சிரித்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை வெர்னா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், பஸ் ஏறிப் போகிறவள் மாதிரி.

ஆர்லோ வடக்கு டகோட்டாவின் செனட்டர். கிளீட் ரேடமாக்கர் நெப்ராஸ்காவின் செனட்டர். இருவரும் ஒரே கட்சி, அதிபரின் கட்சி. வாஷிங்டனில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மாடியில் ஆர்லோ, கீழே கிளீட், இருவருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளீட் தொத்திறைச்சி வறுப்பான். அடுப்பைத் துடைக்கமாட்டான்.

மார்ச் மாதம் அதிபர் அவசரநிலை அறிவித்தார். மாநிலங்களின் காவல்படைகளைத் தன் கையில் எடுத்து, ஆளுநர்கள் வேண்டாமென்று சொன்ன நகரங்களுக்கு அனுப்பினார். வடக்கு டகோட்டாவிலிருந்து முந்நூறு பேர் போனார்கள். அறுவடைக்குத் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். அறுவடை முடிந்து பனியும் விழுந்துவிட்டது.

அவசரநிலையை முடிக்கச் சொல்லி எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. அதிபரின் கட்சியில் நான்கு பேர் அதை ஆதரித்தார்கள். ஆர்லோ அந்த நால்வரில் ஒருவர். கிளீட் இல்லை. அதற்காக அந்த வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

செனட்டில் நூறு இடம். ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். அந்த இடம் காலி. ஆர்லோவோடு சேர்த்து ஆதரவு ஐம்பது. எதிர்ப்பு நாற்பத்தொன்பது. ஆர்லோ வராவிட்டால் இரண்டு பக்கமும் நாற்பத்தொன்பது. சமமாக விழுந்தால் தீர்மானம் தோற்கும்.

வாக்கெடுப்பு வியாழக்கிழமை என்றிருந்தது. வெர்னாவுக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் செவ்வாய். ஆர்லோ முறைப்படி கட்சிக் கொறடாவிடம் இரண்டு நாள் விடுப்பு சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை வாக்கெடுப்பைச் செவ்வாய்க்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அன்று மாலை கிளீட் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னான்.

"நான் உன்கூட ஜோடி போட்டுக்கறேன்யா."

ஜோடி என்பது செனட்டின் பழைய வழக்கம். வரமுடியாத ஒருவருக்காக, எதிர்ப்பக்கம் இருக்கிற ஒருவர் தன் வாக்கையும் போடாமல் நிறுத்திக்கொள்வார். பெயர் கூப்பிடும்போது எழுந்து சொல்வார்: இன்னாரோடு எனக்கு ஜோடி. அவர் இருந்திருந்தால் ஆம் என்றிருப்பார். நான் வாக்களித்தால் இல்லை என்பேன். ஆகவே வாக்களிக்கவில்லை. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. மீறினால் தண்டனையும் இல்லை. அதனாலேயே யாரும் மீறியதில்லை என்று ஆர்லோ புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

"அப்போ நாப்பத்தொன்பதுக்கு நாப்பத்தெட்டு," என்றார் ஆர்லோ. "தீர்மானம் ஜெயிச்சுடும். உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குக் கூட்டல் வரும்ப்பா. ஜெயிக்கட்டும். அதிபர் எப்படியும் ரத்து பண்ணிடுவார்."

"பண்ணட்டும். பண்ணது அவருன்னு இருக்கட்டும். நாம வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்னு இருக்கக்கூடாது."

"நீ என்னைக்காவது வாயைப் பொத்தியிருக்கியா? போ, போய் அவ பக்கத்துல இரு." கிளீட் கையை நீட்டினான். "ஒண்ணு மட்டும். முன்கூட்டி வெளிய சொல்லாத. தெரிஞ்சா மூணு நாளைக்கு என்னை உரிச்சு எடுத்துடுவாங்க. பேர் கூப்பிடறப்ப நானே சொல்லிக்கறேன்."

கை குலுக்கினார்கள்.

ஆர்லோவின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பாலா யோடருக்கு இது பிடிக்கவில்லை. திங்கள் மாலைவரை, ஆஸ்பத்திரி இருந்த ஃபார்கோவிலிருந்து வாஷிங்டன் போகும் விமானத்தில் ஒரு சீட்டைப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஒரு வரி எழுதி வாங்கிடலாம் செனட்டர். இல்ல, நாமளே இன்னைக்கே பத்திரிகைக்குச் சொல்லிடலாம். சொல்லிட்டா அவரால பின்வாங்க முடியாது."

"எழுதி வாங்கினா அதுக்குப் பேர் ஜோடி இல்ல, பாலா. கடன் பத்திரம்."

"எனக்கு அந்த மனுஷன் மேல சந்தேகம் ஒண்ணும் இல்ல. அவர் ஊர்ல மே மாசம் கட்சிக்குள்ள வேட்பாளர் தேர்தல். அதுதான் எனக்குப் பயம்."

"சீட்டை விட்டுடு," என்றார் ஆர்லோ.

விட்டுவிட்டாள்.

காத்திருப்பு அறையில் டிவி சுவரின் உச்சியில் இருந்தது. விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒரு விவசாயி கீழே உட்கார்ந்து சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு முட்டி ஆபரேஷன். ஆர்லோ சேனலை மாற்றலாமா என்று கேட்டார்.

"மாத்துங்க. அந்தம்மா ஒரு மணி நேரமா வெங்காயம்தான் நறுக்குது."

பத்து மணிக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். வாஷிங்டனில் பதினொன்று. கேமரா மண்டபம் முழுவதையும் தூரத்திலிருந்து காட்டியது. தலைகள் மட்டும் தெரிந்தன. எழுத்தரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மிஸ்டர் பிரெக்கி."

கொஞ்சம் நிறுத்தம். அடுத்த பெயர்.

விவசாயி டிவியைப் பார்த்தார். ஆர்லோவைப் பார்த்தார்.

"நீங்க அங்கதானே இருக்கணும்?"

"என் மனைவிக்கு ஆபரேஷன்."

"ஓ." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நல்லபடியா முடியும்." பிறகு சொன்னார், "என் தங்கச்சி பையன் அந்த முந்நூறுல ஒருத்தன்."

ஆர்லோ தலையசைத்தார். கிளீட் எழுந்ததும் சொல்லப்போகும் நான்கு வாக்கியங்களும் அவருக்கு மனப்பாடம். தன் பெயர் அந்தக் குரலில் கேட்கப்போகிறது. உண்மையில், அதற்காகத்தான் சேனலை மாற்றினார்.

கட்சியின் மற்ற மூவரும் ஆம் என்றார்கள். ஒருவரும் நழுவவில்லை.

"மிஸ்டர் ரேடமாக்கர்."

மண்டபத்தின் பக்கக் கதவிலிருந்து கிளீட் வந்தான். நடையிலேயே தெரிந்தது, இடது காலைக் கொஞ்சம் இழுப்பான். அவன் தன் மேஜைக்குப் போகவில்லை. நேராக எழுத்தரின் மேஜைக்குப் போனான். பேசுவதற்காக நிற்கப்போகிறான் என்று ஆர்லோ நினைத்தார். கிளீட் நிற்கவில்லை. நடந்துகொண்டே கட்டை விரலைக் கீழே காட்டினான், கையிலிருந்து தண்ணீரை உதறுகிற மாதிரி. மறுபக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

"மிஸ்டர் ரேடமாக்கர், இல்லை."

ஆர்லோ காத்திருந்தார். வாக்கை மாற்றிக்கொள்ளலாம். முடிவு அறிவிக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். இருபத்தொரு நிமிடம் அந்தப் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாரோ அதில் வந்தார்கள்.

"ஆம் நாற்பத்தொன்பது. இல்லை நாற்பத்தொன்பது. தீர்மானம் தோற்றது."

விவசாயி ரிமோட்டை எடுத்தார். ஆர்லோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சேனலை மாற்றாமல் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

பத்து ஐம்பதுக்கு டாக்டர் வெளியே வந்தாள். முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தாள். வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது என்றாள். ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம், இரண்டு நாள் பேச்சு கொஞ்சம் குழறும் என்றாள். ஆர்லோ அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேறெதற்கும் அந்த நேரத்தில் அவருக்குள் இடம் இருக்கவில்லை. அவள் போன பிறகு இடம் வந்தது.

முதலில் வந்த அழைப்பு டெல்மர் ஸ்டோல்ட்ஸிடமிருந்து. சொந்த மாவட்டத்தில் கட்சித் தலைவர். ஆர்லோ மேல் கண்டனத் தீர்மானம் போட சனிக்கிழமை கூட்டம் வைத்திருந்தவர்.

"செனட்டர்! வெர்னா எப்படி இருக்கா?"

"நல்லாயிருக்கா."

"கடவுள் புண்ணியம். என் வீட்டுக்காரி கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு பெரிய தட்டு வேகவெச்சுட்டிருக்கா, சாயங்காலம் கொண்டுவந்து தரேன். அப்புறம், சனிக்கிழமை கூட்டம் இல்ல. ரத்து பண்ணியாச்சு."

"ஏன்?"

"ஏன்னா?" டெல்மர் குரலைத் தாழ்த்தினார். சிரிப்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்க ஒரு வாக்கும் போடலையே. அதிபருக்கு எதிரா கை தூக்கவும் இல்ல, வாயால சொன்னதை வாபஸ் வாங்கவும் இல்ல. இவ்வளவு நேக்கா ஒருத்தர் தப்பிச்சு நான் பார்த்ததே இல்ல. நம்ம பசங்க எல்லாம் அசந்துட்டாங்க."

"டெல்மர், என் மனைவிக்கு நெஞ்சைப் பொளந்திருக்காங்க."

"அட, அதைத்தான் நானும் சொல்றேன். யாரு தப்பு சொல்ல முடியும்?"

ஆர்லோ போனை வைத்தார்.

பாலா அதற்குள் செனட்டின் பதிவேட்டுப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். அகர வரிசையில் பெயர்கள். அவர் பெயருக்கு எதிரே: வாக்களிக்கவில்லை. அவ்வளவுதான். ஜோடி என்ற சொல் எங்கேயும் இல்லை. யாரும் எழுந்து சொல்லாததால் அப்படி ஒன்று நடந்ததாகவே இல்லை. முப்பது வருடம் கழித்து யாராவது புரட்டினால் பயந்து ஒதுங்கியவர் என்றுதான் படிப்பார்கள். இன்று படிக்கிறவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள், சிலர் பாராட்டி.

கூடவே அவள் எழுதிய ஓர் அறிக்கையும் இருந்தது. ஐந்து வரி. செனட்டர் ரேடமாக்கர் வெள்ளிக்கிழமை வாக்குறுதி கொடுத்தார் என்றும், அதை நம்பியே ஆர்லோ வரவில்லை என்றும், வந்திருந்தால் ஆம் என்றிருப்பார் என்றும் இருந்தது.

"அனுப்பவா?" என்று போனில் கேட்டாள் பாலா. குரலிலேயே தெரிந்தது, அழுதிருக்கிறாள். "இப்ப விட்டா மத்தியானச் செய்தில வரும். நாளைக்கு விட்டா, யோசிச்சு செஞ்ச கதைம்பாங்க."

"இது வந்தா சனிக்கிழமைக் கூட்டம் மறுபடியும் நடக்கும்."

"ஆமா, நடக்கும்."

"அஞ்சு நிமிஷம் குடு," என்றார் ஆர்லோ.

அவர் தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்தார். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கையில் போன் அதிர்ந்தது. கிளீட்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தார்.

"வெர்னா?" என்றான் கிளீட்.

"நல்லாயிருக்கா."

"அப்பாடா." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அது நடிப்பில்லை. அதுதான் தாங்கவில்லை ஆர்லோவுக்கு.

"யாரு கூப்பிட்டது?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்கு அதிபரே. சாப்பிட வான்னு. போனேன். முட்டை வெச்சாங்க. ஆறிப்போச்சு. அவர் சத்தம் போடலப்பா. நல்லாத்தான் பேசினார். என் ஊர்ல எனக்கு எதிரா நிக்கப்போறவன் போட்டோ மேஜை மேல இருந்துது. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவர் என்னைத் திட்டி ஒரு வரி எழுதினா போதும், நெப்ராஸ்காவுல எனக்கு எவனும் ஒரு காப்பி தரமாட்டான்."

"சொல்லியிருக்கலாமே. ஒன்பது மணிக்குச் சொல்லியிருந்தாகூட ஊருக்குத் தெரியறமாதிரி நான் ஏதாவது செஞ்சிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்."

"நேத்து சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"நேத்து எனக்கே தெரியாது."

"என் பேரைக்கூட நீ சொல்லல, கிளீட். வாக்கைப் போட்டுத் தொலை. 'இவன் வந்திருந்தா ஆம்னு சொல்லியிருப்பான்'னு ஒரு வரி. அதுக்கு எந்த முட்டையும் தடையில்லையே."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. வெளியே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றது. கிளீட் தனியாக ஓர் அறைக்குள் போயிருக்கிறான்.

"அறிக்கை விடப்போறியா?"

"பாலா எழுதிட்டா."

"விடு. நான் மறுக்கமாட்டேன். கை குடுத்தது நிஜம்தான்னு நானே சொல்றேன். இது சத்தியம்... சரி, என் சத்தியம் இனிமே எதுக்கு." அவன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "உங்க ஊர்ல சனிக்கிழமை கூட்டமாமே?"

"ரத்து பண்ணிட்டாங்க."

"ம்."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்ல. பதினோரு வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கோம்யா. நீ மாடிப்படில நடக்கற சத்தத்தை வெச்சே தூங்கினியா இல்லையான்னு சொல்லிடுவேன். போன வாரம் பூரா நீ தூங்கல. வெள்ளிக்கிழமை நான் ஜோடி போடறேன்னு சொன்னேனே, அன்னைக்குத் தூங்கின. நீ என்னை என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா நான் கட்டை விரலைக் கீழ காட்டின அந்த நிமிஷம், உனக்குக் கொஞ்சம்கூட நிம்மதியா இல்லையா, ஆர்லோ?"