இரண்டு கப்பல், ஒரே சங்கு

மிராபெல் கப்பல் ஆற்றுக்குள் வந்து சங்கு ஊதும்போதெல்லாம் எங்கள் தெருவில் மூன்று வீடுகளின் கதவு திறக்கும். முதலில் அக்னெஸ் லாஃப்ரனுடையது. அடுத்து ஓரத்து வீட்டுக்காரியுடையது. கடைசியில் என்னுடையது.

மிராபெல்லில் எங்களுக்கு யாரும் இல்லை. எங்களவர்கள் ஆல்தியாவில் போனவர்கள். அக்னெஸின் கணவர் டொமினிக் அதில் கொதிகலனுக்குக் கரி தள்ளினார். என் மனைவி ஹெஸ்டர் பயணிகளைக் கவனிக்கும் பணிப்பெண். மார்ச் மாதம் அட்லாண்டிக் நடுவில் ஆல்தியாவை டார்பிடோ அடித்தது. யாரும் திரும்பவில்லை.

இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய கப்பல்கள். சங்கும் ஒரே அச்சில் வார்த்தது. கனமாகத் தொடங்கி, முடியும் இடத்தில் லேசாக மேலே ஏறும். யாரையோ "இருக்கியா?" என்று கேட்பதுபோல.

பூட்டில் என்ற எங்கள் துறைமுக ஊரில் பெண்கள் கப்பலைக் கண்ணால் பார்ப்பதில்லை. துறைமுக மதில் அவ்வளவு உயரம். காதால்தான் அறிவார்கள். சங்கு கேட்டதும் அடுப்பில் உருளைக்கிழங்கு ஏறும். கணப்புக்கு முன்னால் சட்டை விரியும். ஆள் துறைமுகக் கேட்டைத் தாண்டி வீடு வருவதற்குள் சட்டை சூடாகியிருக்கும். புறப்படும் நாளுக்கு வேறு விதி. அன்று யாரும் துணி துவைக்கமாட்டார்கள். துவைத்தால் ஆளையே கழுவி விட்டதாகிவிடும்.

தெருவில் எல்லா வீட்டிலும் ஆண் கடலில், பெண் கரையில். எங்கள் வீட்டில் மட்டும் மாறி இருந்தது. என் நுரையீரலைப் படை வேண்டாமென்றது. பையன்களுக்கு அல்ஜீப்ரா நடத்தினேன். குண்டு விழுந்து பள்ளியில் பாதிதான் மிச்சம். காலையில் மட்டும் வகுப்பு.

ஹெஸ்டர் முதல்முறை போருக்குள் கிளம்பிய நாள், அக்னெஸ் பின்சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வாத்தியாரே, துணி கிணி ஊறப்போட்டிருக்கியா?"

"ஒரு கைக்குட்டை."

"எடு வெளில. எடுன்னா! காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தரமாட்டாங்களா?"

எடுத்தேன். அவள் சிரித்தாள்.

"எங்க வரிசையில இன்னொரு பொண்டாட்டி சேந்தாச்சு. மீசை வச்ச பொண்டாட்டி."

தந்தி வந்தபோதும் அவள்தான் வந்தாள். தன் தந்தியை அப்ரன் பையில் வைத்துக்கொண்டே எனக்குத் தேநீர் போட்டாள்.

மே மாதம் ஒரு காலை. பனிமூட்டம். ஆற்றிலிருந்து அந்தச் சங்கு வந்தது. கனமாகத் தொடங்கி, லேசாக மேலே ஏறி.

நான் முகச்சவர நுரையோடு வாசலுக்கு வந்தேன். அக்னெஸ் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு. கையில் டொமினிக்கின் நீலச் சட்டை.

"தந்தி தப்பு! வாத்தியாரே, தந்தி தப்பு! அது அவங்கதான்!"

நானும் ஓடினேன். கேட்டுக்கு வெளியே நின்றோம். மதிலுக்கு மேலே புகைபோக்கி மட்டும் தெரிந்தது. அதே உயரம், அதே சாய்வு. போர்க்காலத்தில் எல்லாக் கப்பலுக்கும் ஒரே சாம்பல் நிறம். பெயரையும் அழித்துப் பூசிவிடுவார்கள். மாலுமிகள் வெளியே வரத் தொடங்கினார்கள். முதல் ஆள் தெரியாத முகம். இரண்டாவதும். அக்னெஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் ஒருவனை நிறுத்திக் கேட்டாள்.

"எந்தக் கப்பல் தம்பி?"

"மிராபெல்."

அவள் சட்டையை மடித்தாள். கை இன்னும் சூடாக இருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தது.

அதன்பின் மிராபெல் வந்துபோய்க்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியும், அது மிராபெல்தான் என்று. இருந்தும் கதவு திறந்தது. கால்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

நான் ஒன்று பழகியிருந்தேன். சங்கு கேட்டதும் கெட்டிலை அடுப்பில் வைப்பேன். இரண்டு கோப்பை எடுப்பேன். தண்ணீர் கொதிக்கும்வரை ஹெஸ்டர் கேட்டிலிருந்து நடந்து வருவாள். தொப்பியை எங்கே எறிவாள், முதலில் எந்தக் காலணியைக் கழற்றுவாள், எல்லாம் தெரியும். கெட்டில் ஊதியதும் அடுப்பை அணைப்பேன். ஒரு கோப்பையைத் திரும்ப வைப்பேன். அந்த நேரம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபரில் மிராபெல் மறுபடி வந்த அன்று அக்னெஸ் நேராக என் சமையலறைக்கு வந்தாள். மேசையில் இரண்டு கோப்பைகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

"நீ அந்தக் கப்பலுக்குப் போகணும்."

"எதுக்கு?"

"சங்க மாத்தச் சொல்லணும். அந்த ஓரத்து வீட்டுக்காரி இப்ப மாடிப்படில விழுந்துட்டா, தெரியுமா? சத்தம் கேட்டு ஓடி வந்து. எத்தன தடவ வாத்தியாரே விதவையாகறது? ஒரு தடவ ஆயாச்சு. போதும்."

"கப்பல்காரங்க கேப்பாங்களா?"

"நான் போய்க் கேட்டா பைத்தியம்னு வெளில தள்ளுவான். நீ கழுத்துல டை கட்டிக்கிட்டுப் போ. கேட்ல என் கொழுந்தன்தான் போலீஸ். விடுவான்."

நான் கெட்டிலைப் பார்த்தேன்.

"உனக்கு ஆட்சேபனை எதாவது இருக்கா?"

"இல்ல," என்றேன்.

சனிக்கிழமை பிற்பகல் போனேன். மிராபெல்லின் தலைமை இன்ஜினியர் கில்கிறிஸ்ட், ஸ்காட்லாந்துக்காரர். வயது அறுபதை ஒட்டி. காதுக்குள் எண்ணெய்க் கறுப்பு. நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நாப்பது வருஷம் கப்பல்ல இருக்கேன். கரி கேட்டு வந்திருக்காங்க, கயிறு கேட்டு வந்திருக்காங்க. சங்க மாத்துன்னு கேட்டு யாரும் வந்ததில்ல."

"முடியாதுன்னா பரவாயில்ல."

என் குரலில் இருந்த அவசரம் எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"முடியாதுன்னு யாரு சொன்னா? மேல இருக்கற குடுவையக் கொஞ்சம் திருகினாப் போதும், குரல் மாறிடும். நேரா நிமிந்து பேசற ஆளு சளி புடிச்சுப் பேசற மாதிரி. வா, நீயே பாரு. இந்த ஸ்பேனரப் பிடி."

புகைபோக்கியின் முன்புறம் ஏணியில் ஏறினோம். பித்தளைச் சங்கு என் தலையைவிடப் பெரியது. சாம்பல் நிறம் அதற்கும் பூசியிருந்தார்கள். விளிம்பில் மட்டும் பித்தளை மின்னியது. கில்கிறிஸ்ட் நீராவியை அடைத்துவிட்டு மரையைத் தளர்த்தினார்.

"எங்க ஆளுங்களுக்கும் இது நல்லதுதான்," என்றார். "இந்தச் சத்தம் எங்களுக்கும் ஆகமாட்டேங்குது."

"ஏன்?"

"ஆல்தியா போன அன்னிக்கு, கப்பல் அணியில நாங்க பக்கத்து வரிசை."

திருகிக்கொண்டே சொன்னார். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆல்தியா நின்றுவிட்டது. அதன் சங்குக் கயிறு எங்கோ மாட்டிக்கொண்டு விடாமல் ஊதியது. பிறகு அதுவும் நின்றது. தண்ணீரில் சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு மிதவைச் சட்டையிலும் ஒன்று.

"நாங்க நிக்கக் கூடாது தம்பி. அது உத்தரவு. நின்னா அடுத்தது நாங்க. கடைசியில வர்ற மீட்புக் கப்பல்தான் எடுக்கணும். அந்தத் தடவ எங்க அணியில மீட்புக் கப்பலே இல்ல."

மரை கிரீச்சிட்டது. அவர் எண்ணெய் விட்டார்.

"விளக்குங்க நடுவுலதான் போனோம். கேப்டன் இந்தச் சங்க இழுத்தார். அதுவும் கூடாதுதான். கடைசி விளக்கத் தாண்டற வரைக்கும் கயித்த விடல. தண்ணில இருந்தவங்களுக்கு அவங்க கப்பலே கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும். ரெண்டும் ஒரே குரல்தானே. சில பேர் கைய ஆட்டினாங்க. எதுக்கு ஆட்டினாங்கன்னு இன்னிக்கும் எங்களுக்குள்ள சண்டை. நிக்கச் சொல்லியா, போகச் சொல்லியா?"

"அதுல ஒரு பெண்..."

"விளக்குதான் தெரிஞ்சுது. ஆணா பொண்ணான்னு தெரியல." திருகுவதை நிறுத்தினார். "உனக்கு யாரு அதுல?"

"மனைவி."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சங்கைப் பார்த்தார்.

"நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்," என்றார். பிறகு, "பாதிதான் திருகியிருக்கு. திரும்ப வச்சிடவா? உன் இஷ்டம்."

காற்று அடித்தது. கீழே கப்பலுக்குள் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஹெஸ்டரின் காதில் கடைசியாக விழுந்த குரல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் நான் அக்னெஸுக்காக வந்தவன். படியில் விழுந்த பெண்ணுக்காக வந்தவன்.

"முழுசாத் திருகிடுங்க," என்றேன்.

அவர் திருகினார். மரையை இறுக்க ஸ்பேனரைக் கேட்டார். கொடுத்தேன்.

"திங்கக்கிழமை ஆத்துல தண்ணி ஏறினதும் கிளம்பறோம். அப்பத்தான் புதுக் குரல் கேக்கும். இப்ப ஊதிப் பாத்தா துறைமுகமே திட்டும்."

அக்னெஸிடம் "ஆயிற்று" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பகலில் பள்ளியிலிருந்து வந்தேன். பின்முற்றத்தில் அவள் துணி துவைக்கத் தொடங்கியிருந்தாள். தொட்டியிலிருந்து ஆவி எழுந்தது. நீலச் சட்டையை அப்போதுதான் தண்ணீரில் அமிழ்த்தினாள். ஏழு மாதமாக அவள் அதைத் துவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சுவருக்கு இந்தப்பக்கம் நின்றேன்.

"பாத்தியா? தைரியம் வந்துடுச்சு," என்றாள். "இனிமே யாரும் வந்து கதவத் தட்டப் போறதில்லன்னு ஆயாச்சுல்ல? அந்த ஸ்காட்லாந்துக்காரன் நல்லவனா? என்ன சொன்னான்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். விளக்குகளை, கயிற்றை, கை ஆட்டியதை. அவள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். சோப்பு நழுவித் தண்ணீருக்குள் போனது. எடுக்கவில்லை.

"டொமினிக் அதக் கேட்டிருப்பானா?"

"தண்ணீர்ல இருந்திருந்தா கேட்டிருப்பார்."

"அந்தச் சத்தத்தையா?"

"அதையேதான்."

"அதையா என் வாசல்ல வேணாம்னேன்?" அவள் நிமிர்ந்தாள். "அதைக் கேட்டுக்கிட்டே நின்னியா? அவன் கையில ஸ்பேனர் இருந்துச்சு, உன் வாயில என்ன இருந்துச்சு? கொழுக்கட்டையா?"

"நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

"எனக்குத் தெரியாது, சொன்னேன். உனக்குத் தெரியும்ல? நீயும் அந்த ரெண்டு கோப்பையும்! எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" அப்ரனில் கையைத் துடைத்தாள். "எப்பக் கிளம்பறாங்க?"

"தண்ணீர் ஏறினதும்."

"ஏறிக்கிட்டுதான் இருக்கு. நட. நடன்னா! திரும்பத் திருகச் சொல்லு."

ஓடினோம். ஈரக் கையோடு அவள் முன்னால், மூச்சு இழுத்தபடி நான் பின்னால். கேட்டில் அவள் கொழுந்தன் தலையாட்டினான்.

"கயிறு அவுத்தாச்சு அண்ணி. ஆத்துக்குப் போற மதகுக்குள்ள நிக்குது."

துறைமுகத்துக்கு மேலே தூண்களின்மீது ஓடும் ரயிலின் நிலையத்துக்குப் படி ஏறினோம். அந்த நடைமேடையிலிருந்துதான் மதிலுக்கு உள்ளே தெரியும். மிராபெல் மதகைத் தாண்டி ஆற்றுக்குள் நழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு இழுவைப் படகுகள். புகைபோக்கியின் முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. சத்தம் ஒரு கணம் கழித்து வந்தது.

கரகரப்பாக இருந்தது. முடியும் இடத்தில் மேலே ஏறவில்லை. கீழே இறங்கியது.

நடைமேடையில் நின்ற பெண்கள் யாரும் திரும்பவில்லை. ஒருத்தி முட்டைக்கோஸை வேறு கைக்கு மாற்றினாள்.

"யாரு இது?" என்றாள் அக்னெஸ்.

"அவங்கதான்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் திரும்பும்போது மறுபடி ஊதியது. மூன்றாவது முறையும் ஊதியது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். மற்றக் கப்பல்களோடு வரிசையில் சேர அது கடலை நோக்கிப் போனது. நெடுநேரம் புகை மட்டும் தெரிந்தது.

"அசிங்கமான குரல்," என்றாள். "இதையும் பழகிக்கணும்."

வீடு திரும்பினோம். முற்றத்தில் தொட்டித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அவள் கையை விட்டு நீலச் சட்டையை வெளியே எடுத்தாள். தண்ணீர் கொட்டியது. அதில் சோப்பு இன்னும் தேய்க்கவில்லை.

"துவைக்கலையா?" என்றேன்.

"கப்பல் கிளம்பின நாள் வாத்தியாரே."

"நம்ம ஆள் யாரும் அதுல இல்லையே."

"அந்தக் கயித்தப் பிடிச்ச கேப்டன் இருக்கான்ல? உன் ஸ்காட்லாந்துக்காரன் இருக்கான்ல?" சட்டையின் ஒரு கையை என் பக்கம் நீட்டினாள். "பேசாமப் பிடி."

சுவருக்கு மேலே பிடித்தேன். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்கினேன்.